கட்டுநாயக்கவில் விமானம் மாறும்போது: நீர்கொழும்பில் சில மணி நேரம்

சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து இலங்கை வழியாக லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகிறவர்களின் டிக்கெட்டில் ‘கொழும்பு’ என்று இருக்கும். ஆனால் விமானம் இறங்குவது கொழும்பில் அல்ல. பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தள்ளி, கட்டுநாயக்கவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் தளமாக இருந்த இடம் அது. அதற்குப் பக்கத்தில், வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில், மீன்பிடித் தொழிலும் தேவாலயங்களும் கோயில்களும் நிறைந்த நீர்கொழும்பு இருக்கிறது.

அடுத்த விமானத்துக்கு ஏழெட்டு மணி நேரம் இடைவெளி கிடைக்கும்போது, பெரும்பாலோர் நிலையத்துக்குள்ளேயே நாற்காலியில் சாய்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள். சிலர் தலைநகரைப் பார்த்தே தீருவது என்று கார் பிடித்துக் கொழும்புக்குப் போய், பாதி நேரத்தைச் சாலையிலேயே செலவழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த அளவு நேரத்துக்கு ஏற்ற ஊர் நீர்கொழும்புதான். அரை மணிப் பயணத்தில் போய்விடலாம். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கடை வீதியில் தமிழும் செல்லும்.

நேரக் கணக்கு

இடைவெளி எத்தனை மணி நேரம் என்பதை இறங்கும் நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. அடுத்த விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காலை 6 மணிக்கு இறங்கி, பிற்பகல் 2 மணி விமானத்தில் ஏற வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 11 மணிக்கு, அவர் நிலையத்தின் வாசலில் நிற்க வேண்டும். வழியில் நெரிசல் இருந்தாலும் சமாளிக்க, நீர்கொழும்பிலிருந்து 10.15-க்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில் குடிவரவு வரிசை, பணம் மாற்றுதல், வண்டி பிடித்தல் எல்லாம் முடிந்து வெளியே வர 7 மணி ஆகிவிடும். ஊர் போய்ச் சேர 7.30. ஆக எட்டு மணி நேரத்தில் ஊருக்கென்று மிஞ்சுவது மூன்று மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கை டிக்கெட் எடுக்கும்போதே போட்டுப் பார்த்துவிட்டால், அங்கே போய் அவசரப்பட வேண்டியிருக்காது.

மூன்று மணி நேரம் முன்பே திரும்புவது அதிகப்படி என்று தோன்றலாம். கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பைகளைச் சோதிக்கிறார்கள். அதன் பிறகு குடியகல்வு முத்திரை, விமானத்தில் ஏறும் வாயிலுக்கு முன்னால் மீண்டும் ஒரு சோதனை. நள்ளிரவை ஒட்டியும் அதிகாலையிலும் பல விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் வரிசைகள் நீளும். போர்டிங் பாஸ் கையில் இருந்தாலும் இவற்றில் எதையும் தவிர்க்க முடியாது.

ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் வெளியே போகாமல் இருப்பதே நல்லது. கட்டணம் செலுத்தி ஓய்வறையில் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வதால் உடம்புக்குக் கிடைக்கும் தெம்பு, அவசர அவசரமாக ஊரைப் பார்ப்பதில் கிடைக்காது. ஆறு, ஏழு மணி நேரம் என்றால் கடற்கரையில் ஒரு சாப்பாடு, ஒரு நடை. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டு முதல் பதினொரு மணி நேரம்தான் நீர்கொழும்புக்கென்றே அமைந்த இடைவெளி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், அதுவும் பகலில் கிடைத்தால், கொழும்பைப் பற்றி யோசிக்கலாம். 2013-ல் திறந்த அதிவேக நெடுஞ்சாலை ஏறத்தாழ 26 கிலோமீட்டரைச் சீக்கிரமாகவே கடக்க வைக்கிறது. ஆனால் அது நகரின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கொழும்புக் கோட்டைப் பகுதிக்கோ காலி முகத் திடலுக்கோ போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றைய போக்குவரத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. லண்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ திரும்பும் வழியில் இறங்குகிறவர்கள் மட்டும் கைபேசி உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்த நேரத்தை நம்பித்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் உறுதி செய்ய வேண்டியவை

நிலையத்தை விட்டு வெளியே வருவது சட்டப்படி இலங்கைக்குள் நுழைவதாகும். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். இரண்டு நாள் வரை தங்கிச் செல்பவர்களுக்கென்று இடைவழிப் பயண அனுமதி என்ற தனி வகை உண்டு. கட்டணமும் விதிகளும் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியிருப்பதால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே நேரடியாக விண்ணப்பிப்பது நல்லது. அரசுத் தளம் போலவே தோற்றம் தரும் இடைத்தரகர் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதல் பணம் வாங்குகின்றன. அனுமதிக் கடிதத்தையும் அடுத்த விமானத்தின் டிக்கெட்டையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டால், கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோனாலும் கவலையில்லை.

அடுத்தது பெட்டிகள். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், சென்னையில் ஒப்படைத்த பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று ஒப்படைக்கும் இடத்திலேயே பார்த்து, அதன் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அதே நேரத்தில் இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸையும் கேட்டு வாங்கிவிடலாம். தனித்தனியாக டிக்கெட் எடுத்தவர் நிலைமை வேறு. அவர் கட்டுநாயக்கவில் பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பும் அவருடையதே. இப்படிப்பட்டவர் ஊர் சுற்றக் கிளம்பும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பெட்டியோடு போவதானால் நீர்கொழும்பில் ஒரு விருந்தினர் விடுதியில் பகல் நேரத்துக்கு அறை எடுத்து, அங்கே வைத்துவிட்டுப் போகலாம்.

நீண்ட இடைவெளி இருந்தால் சில டிக்கெட்டுகளுக்கு விமான நிறுவனமே விடுதி அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்து தருவதுண்டு. எல்லா டிக்கெட்டுக்கும் இது பொருந்தாது. நிலையத்தில் போய்க் கேட்பதைவிட, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவைப்பதே பயன் தரும்.

பணம், கைபேசி, வண்டி

வருகைக் கூடத்தில் முதலில் கண்ணில் படுவது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அடுக்கி வைத்திருக்கும் தீர்வையற்ற கடைகள். வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் இலங்கையர்களுக்கானவை அவை. பல ஆண்டுச் சேமிப்பு வீட்டுச் சாமான்களாக மாறுவது அந்தக் கடைகளில்தான். இடைவழிப் பயணி அவற்றைக் கடந்து நேராக வங்கிக் கவுன்டர்களுக்குப் போகலாம். அங்கே இந்திய ரூபாயைவிட டாலரை மாற்றுவது சுலபம். அரை நாளுக்குத் தேவையான அளவு மட்டும் மாற்றினால் போதும். மிஞ்சும் இலங்கை ரூபாயைத் தமிழ்நாட்டில் மாற்றுவது கடினம். 2024 பிப்ரவரியிலிருந்து இந்தியாவின் யுபிஐ செயலிகளைக் கொண்டு இலங்கைக் கடைகளில் பணம் செலுத்தும் வசதி வந்திருக்கிறது. பெரிய கடைகளிலும் உணவகங்களிலும் அது உதவும். ஆட்டோவுக்கும் மீன் சந்தைக்கும் கையில் ரொக்கம் வேண்டும்.

கூடத்திலேயே டயலாக், மொபிடெல் போன்ற நிறுவனங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் அட்டை விற்கின்றன. சில மணி நேரத்துக்காக இது வீண் செலவு என்று நினைக்க வேண்டியதில்லை. விமான நேரம் மாறினால் செய்தி வருவது கைபேசியில்தான். பிக்மி, ஊபர் செயலிகளில் வண்டி அழைக்கவும் அது வேண்டும்.

ஊருக்குப் போக மூன்று வழிகள் உண்டு. வருகைக் கூடத்து டாக்ஸி கவுன்டரில் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக் கட்டிவிடலாம். செயலியில் அழைத்தால் பெரும்பாலும் அதைவிட மலிவு. எல்லாவற்றிலும் மலிவானது, நிலையத்துக்கு வெளியே சற்றுத் தள்ளியிருக்கும் அவேரிவத்தை பேருந்து நிலையத்திலிருந்து நீர்கொழும்புப் பேருந்து பிடிப்பது. இலங்கையில் அரசு அறிவிப்புகளும் ஊர்ப் பலகைகளும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இருக்கும் என்பதால் வழி தவறும் பயம் குறைவு. போகும்போது பேருந்தில் போனாலும் திரும்பும்போது கார் அல்லது ஆட்டோ எடுத்துக்கொள்வது உத்தமம். ஆட்டோவில் மீட்டர் இல்லையென்றால் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிட வேண்டும்.

லெல்லம: மீன் சந்தை

காலையில் இறங்குகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம், நீர்கொழும்பின் பழைய கோட்டைக்கு அருகில் கடலை ஒட்டியிருக்கும் பெரிய மீன் சந்தை. உள்ளூரில் லெல்லம என்கிறார்கள். அதிகாலையிலிருந்தே படகுகள் வந்து சேரும். ஏலம் சூடாக நடப்பது ஏழு, ஏழரை மணி வரைதான். பெரிய சூரை மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். வாங்க வந்தவர் குனிந்து செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார், விரலால் வயிற்றை அழுத்துவார், ஒரு தொகை சொல்வார். சில நொடிகளில் விலை முடிந்து மீன் கைமாறிவிடும். ஒரு பக்கம் இறாலும் நண்டும் கூடைகளில் குவிந்திருக்க, இன்னொரு பக்கம் சாளையும் நெத்திலியும் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மேல் வருகிறவர் ஏலத்தைத் தவறவிட்டாலும் சில்லறை விற்பனையைப் பார்க்கலாம்.

ஆனால் சந்தையைவிட நின்று பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த மணல்வெளி. விற்காமல் மிஞ்சிய மீனும், கருவாட்டுக்கென்றே வாங்கிய மீனும் அங்கே வந்து சேர்கின்றன. ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாக உட்கார்ந்து மீனைப் பிளந்து, குடலை நீக்கி, கடல் நீரில் அலசுகிறார்கள். அது பீப்பாய்களில் உப்போடு ஓரிரு நாள் ஊறும். பிறகு மணலில் நீளமாக விரித்த தென்னைநார்ப் பாய்களில், ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒவ்வொன்றாகப் பரப்பப்படும். வெயில் சரியாக அடித்தால் மூன்று நாள் அளவில் காய்ந்துவிடும். நடுவில் ஒரு மழை வந்தால் எல்லாரும் ஓடிவந்து பாய்களைச் சுருட்ட வேண்டும். கடலோரத் தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இந்த வேலை புதிதல்ல. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாய் விரித்து இத்தனை பெரிய அளவில் காய்வதைப் பார்ப்பது அரிது.

இங்கே போகிறவர் கவனிக்க வேண்டியவை சில. தரை முழுக்க மீன் கழுவிய நீர் ஓடும். துணிக் காலணியில் அது ஏறினால், அந்த வாடை விமானத்தில் அடுத்த பத்து மணி நேரமும் கூடவே வரும். கழுவி எடுத்துக்கொள்ளக்கூடிய ரப்பர் செருப்பு அணிவதே சரி. வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு பார்வையாலாவது அனுமதி கேட்பது மரியாதை. அவர்களுக்கு அது பிழைப்பிடம். தானாக வந்து சேர்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டே வருபவர் கடைசியில் பணம் எதிர்பார்ப்பார். விருப்பமில்லையென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

நீர்கொழும்பு மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று சந்தை வெறிச்சோடியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போதும் படகுகள் குறையும்.

கோட்டையும் கால்வாயும்

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் பழைய டச்சுக் கோட்டையின் எச்சம் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கையிலிருந்த இந்த இடத்தை டச்சுக்காரர்கள் 1640-ல் பிடித்து, இழந்து, 1644-ல் மறுபடி பிடித்தார்கள். இந்தச் சிறிய ஊருக்காக இரண்டு ஐரோப்பிய நாடுகள் இப்படிச் சண்டையிட்டதற்குக் காரணம் கறுவாப்பட்டை. இந்தக் கரையோரக் காடுகளில் விளைந்த கறுவாவுக்கு ஐரோப்பாவில் பெரும் விலை கிடைத்தது. 1796-ல் ஆங்கிலேயர் வந்த பிறகு கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அங்கே சிறைச்சாலை அமைந்தது. இன்றும் அது சிறைதான். உள்ளே போக முடியாது. 1678 என்று ஆண்டு பொறித்த வாயில் வளைவை வெளியிலிருந்து பார்க்கலாம். காவலர்கள் நிற்கும் பக்கம் கேமராவை நீட்டாமல் இருப்பது நல்லது. இதற்குப் பத்து நிமிடம் போதும்.

அதைவிடச் சுவையானது ஊருக்கு நடுவில் ஓடும் கால்வாய். கறுவாவையும் பிற சரக்குகளையும் தோணியில் கொண்டுபோக டச்சுக்காரர்கள் இந்தக் கரை நெடுகக் கால்வாய்கள் அமைத்தார்கள். அவற்றின் வழியாகக் கடல் நீர் உள்ளே ஏறி, தெற்கேயுள்ள முத்துராஜவெல வயல்கள் உப்பேறிக் கெட்டன. அந்த உப்பு நீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1802-ல் வெட்டத் தொடங்கியதுதான் ஹாமில்டன் கால்வாய். வயல்களை மீட்கும் நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் கால்வாய் நிலைத்துவிட்டது. இன்று அதன் இரு கரையிலும் வீடுகள், வாசலில் கட்டிய மீன்பிடிப் படகுகள், சிறு பாலங்கள். பாலம் ஒன்றில் நின்று படகுகள் தலையைத் தாழ்த்திக் கடந்து போவதைப் பார்க்கப் பணமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம்.

தேவாலயங்களும் கோயில்களும்

நீர்கொழும்பைச் ‘சின்ன ரோமாபுரி’ என்பார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தக் கரையோர மக்கள் கத்தோலிக்கராயினர். டச்சு ஆட்சியின் அடக்குமுறையையும் தாண்டி அந்த நம்பிக்கை நிலைத்தது. தெருமுனை தோறும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மாதா அல்லது புனிதர் சுரூபம் இருக்கும். நேரம் குறைவாக இருப்பவர்கள் ஒரே ஒரு தேவாலயம் பார்ப்பதானால் பெரிய தெருவிலுள்ள புனித மரியாள் ஆலயத்துக்குப் போகலாம். 1870-களில் கட்டத் தொடங்கி, முடிய ஐம்பது ஆண்டு அளவில் ஆன கட்டடம். உள்ளே போய் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தால், நீளம் முழுக்க ஓவியங்கள். பூசை நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்த்துப் பின்வரிசையில் அமர்ந்துவிட வேண்டும்.

ஊருக்குச் சற்று வெளியே, கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையின்போது அங்கே நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலயம் மீண்டும் கட்டப்பட்டு, இறந்தவர்களின் நினைவிடமும் அமைந்திருக்கிறது. போகிறவர்கள் அதைச் சுற்றுலாத் தலமாகக் கருதக் கூடாது. அஞ்சலி செலுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் போக வேண்டும். ஊரில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. பேச்சுக்கு நடுவே அதைக் கிளறாமல் இருப்பது பண்பு.

கடற்கரைத் தெருவில் இந்துக் கோயில்கள் மூன்று அருகருகே இருக்கின்றன. முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். இங்கே தமிழ் தாராளமாகக் காதில் விழும். ஊரிலுள்ள விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி நீர்கொழும்புத் தமிழர்களின் பழைய பள்ளி. இந்தத் தமிழ்ச் சமூகத்தோடு, இங்குள்ள கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழும் சிங்களமும் கலந்தே புழங்கி வந்திருக்கின்றன. தங்களைச் சிங்களவர் என்று சொல்லிக்கொள்ளும் முதிய மீனவர் ஒருவர் தமிழில் பேசக் கேட்டால் வியக்க வேண்டியதில்லை. அந்தத் தமிழின் ஓசையும் சொற்களும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒத்திராது, தஞ்சாவூர்த் தமிழையும் ஒத்திராது. மீனின் பெயர், காற்றின் திசை, படகின் உறுப்பு என்று அவர்கள் தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் பேச்சு தானாக நீளும். இந்த ஊரில் தமிழ்ப் பயணிக்குக் கிடைக்கும் தனிச் செல்வம் அதுதான். கோட்டையைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

ஊரின் கிழக்குப் பக்கத்தில், இராட்சத வாய் போல் அமைந்த நுழைவாயிலும் ஆறு மீட்டர் உயரப் புத்தர் சிலையும் கொண்ட அங்குருகாரமுல்ல விகாரை உண்டு. எந்த விகாரையிலும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இலங்கையில் அவமதிப்பாகக் கருதப்படுகிறது.

களப்பு

பத்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்கள் கடலோரத்தை விட்டுக் களப்பின் பக்கம் போகலாம். நீர்கொழும்புக் களப்பு ஊருக்குத் தெற்கே விரிந்து, குறுகிய முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் நட்டிருக்கும் கழிகள் இறால் பிடிப்பதற்கானவை. இரவில் நீர் கடலை நோக்கி வடியும்போது அதோடு இறால் வெளியேறும். அந்த நேரத்தில் கழிகளுக்கிடையே வலையைக் கட்டிப் பிடிக்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாமலிருக்க, மீனவர் சங்கங்கள் குலுக்கல் முறையில் இடத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பல தலைமுறைகளாக நடக்கும் இந்த ஏற்பாட்டை மீன்வள ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். பாலம் கடந்து போனால் டுவா என்ற சிறு மீனவக் குடியிருப்பு. தவக்காலத்தில் அங்கே நடக்கும் திருப்பாடுகளின் நாடகம் இலங்கை முழுவதும் பெயர் பெற்றது.

களப்பின் தென்கோடியில் முத்துராஜவெல சதுப்பு நிலம் தொடங்குகிறது. 1996-ல் இதன் ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. படகில் இரண்டு மணி நேரம் சுற்றினால் கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம், ஆளுயரத்துக்கு நீண்ட நீருடும்பு, கரையோர மரங்களில் குரங்கு என்று கண் நிறையப் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏறப் பறவைகள் மறைவிடம் தேடிவிடும். ஆகவே விடிகாலையில் இறங்குகிறவருக்கே இது பொருந்தும். சந்தையா சதுப்பு நிலமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் அடக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

சாப்பாடும் ஓய்வும்

லூயிஸ் பிளேஸ், எத்துக்கால பகுதிகளில் கடற்கரையை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. அங்கே விலை சுற்றுலாப் பயணிகளுக்கானது. ஊருக்குள் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் பருப்புக் கறியும் கொண்ட காலைச் சாப்பாடு அதைவிட மலிவு, சுவையும் குறைவில்லை. இலங்கையில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் வராது, சொதியும் கறியும்தான். மதியம் வரை இருப்பவர்கள் களப்பு நண்டுக் கறியைக் கேட்டு வாங்கலாம். அது சமைத்து வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பலில் பெரும்பாலும் மாசிக்கருவாடு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம், அல்லது கடற்கரைத் தெருக் கோயில்களின் அருகே சைவக் கடை எங்கே என்று விசாரிக்கலாம். ஹலால் உணவு வேண்டுவோருக்கு முஸ்லிம்கள் அதிகம் வாழும் பெரியமுல்லை பகுதி ஏற்றது. நீண்ட விமானப் பயணத்துக்கு முன் அதிகக் காரமும் பழக்கமில்லாத கடல் உணவும் எத்தனை வேண்டும் என்பதை அவரவர் வயிறு அறியும்.

இரவில் இறங்கி விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு ஊர் பார்க்க ஒன்றும் இல்லை. விமான நிலையத்தை நம்பியே நடக்கும் விருந்தினர் விடுதிகள் நீர்கொழும்பில் ஏராளம். நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தாலும் கதவு திறப்பார்கள், சொல்லிவைத்தால் வண்டியும் அனுப்புவார்கள். அறை பதிவு செய்யும்போது விமான எண்ணையும் கொடுத்துவிடுவது நல்லது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் பகலிலும் இதையே செய்யலாம்: அறையில் குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து, மாலை வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டுக் கிளம்பினால் போதும். கடலில் இறங்கிக் குளிப்பதை இடைவழிப் பயணத்தில் தவிர்த்துவிடலாம். ஈரத் துணியும் மணலும் ஒரு காரணம். பருவக்காற்றுக் காலத்தில் இழுக்கும் நீரோட்டம் பெரிய காரணம்.

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று பல கடைகள் மூடியிருக்கும்; மது, இறைச்சி விற்பனை கிடையாது. விகாரைகள் வெள்ளுடை அணிந்த பக்தர்களால் நிறைந்திருக்கும். கடைக்காக வருபவருக்கு ஏமாற்றம், விகாரை பார்க்க வருபவருக்கு அது நல்ல நாள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம் என்பதால் வெளிவேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

திரும்புதல்

ஊரில் வாங்கக்கூடியவற்றில் தேயிலையும் கறுவாப்பட்டையும் பைக்குள் அடங்கும். கருவாட்டைக் கைப்பையில் வைத்தால் உடன் பயணிப்பவர்களுக்குத் தொல்லை. சம்பல், ஊறுகாய், தேங்காயெண்ணெய் போன்றவற்றைத் திரவக் கட்டுப்பாட்டால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த உணவுப் பொருளையும், தேயிலை உட்பட, வருகைப் படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம் கடுமையானது.

திரும்பும் வண்டியைக் காலையிலேயே பேசி வைப்பது நல்லது. அழைத்து வந்த ஓட்டுநர் நம்பிக்கையானவராகத் தெரிந்தால் அவரையே குறித்த நேரத்துக்கு வரச் சொல்லலாம். பாதிப் பணத்தைத் திரும்பும்போது தருவதாகப் பேசிக்கொள்ள வேண்டும். கிளம்ப வேண்டிய நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கழித்தும் வண்டி வரவில்லையென்றால் காத்திருக்காமல் தெருவில் போகும் முதல் ஆட்டோவைப் பிடித்துவிட வேண்டும். கடவுச்சீட்டு, டிக்கெட், பெட்டித் துண்டு மூன்றும் உடம்போடு இருக்கும் பையில் இருக்கட்டும். கட்டடத்தின் வாசலிலேயே அவற்றைக் கேட்பார்கள்.

ஊரில் இருக்கும்போது விமானம் தாமதம் என்று செய்தி வந்தால், உடனே நேரத்தை நீட்டிக்கொள்ளக் கூடாது. தாமதம் ரத்தாகி விமானம் பழைய நேரத்துக்கே கிளம்புவதும் உண்டு. விமான நிறுவனத்தின் செயலியிலோ தொலைபேசியிலோ புதிய நேரத்தை உறுதி செய்து, அப்போதும் பழைய கணக்குப்படியே நிலையத்துக்குப் போய்விடுவதுதான் பாதுகாப்பு. நேரம் முன்னதாக மாறியிருந்தாலோ, எக்காரணத்தாலோ விமானத்தைத் தவறவிட்டாலோ, ஒரே டிக்கெட்டில் பயணம் செய்பவர் முதலில் செய்ய வேண்டியது அந்த நிறுவனத்தின் கவுன்டருக்குப் போய் அடுத்த விமானத்தில் இடம் கேட்பது. கடைசி ஊரில் வரவேற்கக் காத்திருப்பவர்களுக்கும், பெட்டிகள் தனியாக முன்னே போயிருந்தால் அவற்றைப் பற்றியும், அதே கவுன்டரில் நின்றபடியே தகவல் சொல்ல ஏற்பாடு செய்துவிடலாம். பயண அனுமதியில் கொடுத்த நாள்கள் முடியப்போகின்றன என்றால் அதையும் அங்கேயே தெரிவித்து, குடிவரவு அதிகாரியைப் பார்க்க வழி கேட்க வேண்டும்.